ஸ்பெக் டிராஃப்ட்டுக்கு கிட்ஹப் செட்டாகுமா?
ப்ரோ, வேர்டுல இருந்த ஸ்பெக்க (தொழில்நுட்ப விவர ஆவணம்) கிட்ஹப்புக்கு (ஃபைல்ல யார் என்ன மாத்துனாங்கன்னு பதிஞ்சு வைக்கிற தளம்) மாத்துனதும் ஒரு கமா திருத்துனாலே முழு பாராவும் சிவப்பும் பச்சையுமா காட்டுதுன்னு கேட்டிருந்தீங்க, அது கிட்ஹப் தப்பில்ல, அது லைன் லைனாத்தான் ஒப்பிடும், உங்க பாரா முழுக்க ஒரே லைன்ல கெடக்கு, அதான். மார்க்டவுன்ல (சாதா டெக்ஸ்ட்லயே தலைப்பு, பட்டியல் போடுற முறை) ஒரு வாக்கியத்துக்கு ஒரு லைன்னு உடைச்சுப் போடுங்க, டிஃப் (பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம்) படிக்கிற மாதிரி வந்துடும். இன்டர்நெட் தரநிலைகள எழுதுற ஐஇடிஎஃப்ல, நெட்ல டேட்டா அனுப்புற க்விக் புரோட்டோகால (ஆர்எஃப்சி 9000, 2021; ஆர்எஃப்சின்னா அவங்க ஆவண வரிசை) கிட்ஹப்ல வச்சுதான் எழுதுனாங்க. ஆனா புல் ரிக்வெஸ்ட் (ஒருத்தர் அனுப்புற திருத்தம்) மெர்ஜ் ஆயிட்டா (டிராஃப்ட்ல சேந்துட்டா) எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, அங்க முடிவு மெயிலிங் லிஸ்ட்லதான் உறுதியாகும், இதுக்குன்னே ஆர்எஃப்சி 8874 இருக்கு, படிச்சுப் பாருங்க. டைப்போவ எடிட்டரே மெர்ஜ் பண்ணட்டும், 'ஷுட்' (செஞ்சா நல்லது) வந்து 'மஸ்ட்' (கட்டாயம் செய்யணும்) ஆகுற மாதிரி விஷயத்துக்கு மட்டும் தனி இஷ்யூ (கிட்ஹப்ல விவாதப் பதிவு) போட்டு குழுவுல பேசுங்க. கிட் (கிட்ஹப்புக்கு அடியில ஓடுற டூல்) தெரியாத சீனியருங்க கமெண்ட்ட மெயில்லயே வாங்கி நீங்களே இஷ்யூவா போட்டுடுங்க, அவங்கள கமிட் பண்ண (மாத்துனத கிட்ல பதிய) சொன்னா டிராஃப்ட் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாங்க 😄