சின்சேயிடம் போகலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. முழங்கால் தேய்மானம். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, சின்சே என்கிற சீன வைத்தியரிடம் ஊசி குத்திக்கொண்டு கஷாயமும் குடிக்கச் சொல்கிறார். மகன் வேண்டாம் என்கிறான். போகலாமா? - வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: போங்கம்மா. முப்பது வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்த நானே, ஓய்வுபெற்ற பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்சே முன் உட்கார்ந்தேன். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். ஊரில் தாத்தாவுக்குப் பார்த்த சித்த வைத்தியர் ஞாபகம் வந்தது. ஊசி தலைமுடி மாதிரி, உள்ளே துளை கிடையாது. முழங்கால் சில்லுக்கு நாலு விரற்கடை கீழே, வெளிப்பக்கமாக, 'சூசான்லி' என்கிற புள்ளியில் குத்தி லேசாகத் திருகினார். வலிக்கவில்லை, ஒரு கனம் பரவியது. அந்தக் கனம் வந்தால்தான் ஊசி சரியாக இறங்கியதாம். அரை மணி நேரம் அப்படியே விட்டார். நான் தூங்கிவிட்டேன்.

பலன் உண்டா? 2006இல் ஜெர்மனியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முழங்கால் வலிக்காரர்களிடம் சோதித்தார்கள். முறையான புள்ளிகளில் குத்திக்கொண்டவர்களில் 53 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 51. ஊசியே இல்லாமல் மருத்துவரிடம் மட்டும் போனவர்களில் 29. புள்ளி பெரிதா, ஊசி பெரிதா, நீங்களே யோசியுங்கள். எனக்கு மாடிப்படி ஏற முடிந்தது.

என் பயமெல்லாம் கஷாயம்தான். சின்சே தரும் மூலிகைப் பொட்டலங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 'கான்சாவ்' என்கிற வேர் இருக்கும். அது நம் அதிமதுரத்தின் சொந்தக்காரன். தொண்டைக்கு மெல்லுகிற வேர்தானே என்று தோன்றும். மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாக வற்றவைத்து வாரக்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை ஏற்கெனவே இறக்குபவை. இரண்டும் சேர்ந்தால் கால் துவளும், இதயத் துடிப்பே தடுமாறலாம்.

என் வீட்டுக்காரர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். அதைச் சின்சேயிடம் சொல்லவில்லை, டாங்குவே என்கிற சீன மூலிகை வேர் போட்ட சூப்பை டாக்டரிடமும் சொல்லவில்லை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்த பிறகுதான் எனக்கே சொன்னார். மருந்தகக்காரி வீட்டில்! மாத்திரை அட்டைகளைப் போனில் படம் எடுத்துச் சின்சேயிடம் காட்டுங்கள். அவர் எழுதும் சீட்டைப் பாலிகிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள். காட்டும்வரை கஷாயம் வேண்டாம். சின்சே பதிவு பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பதிவு கட்டாயம்.

கேள்வி: பிறந்து பத்து நாளான பேத்திக்கு ஹுவாங்லியான் என்கிற சீன மூலிகையின் வேர்த் தண்ணீர் கொடுக்கலாமா? - பாட்டி, பிடோக்

பதில்: கூடாது. ஜி6பிடி என்கிற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றியதால்தான் 1978இல் சிங்கப்பூர் அதைத் தடை செய்தது. 2013இல் தடை நீங்கியது பெரியவர்களுக்காக. பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் அந்தச் சோதனை செய்திருப்பார்கள், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.