தராசுக்காரர் பதில்கள்: பாட்டியின் ஈயச் சொம்பு

கேள்வி: ஐயா, பாட்டி விட்டுப்போன ரசச் சொம்பைப் பழைய சாமான்காரர் காரீய விலைக்குக் கேட்கிறார். "ஈயம்தானே, தங்கமா என்ன?" என்கிறார். தங்கத்தோடு வைத்துப் பார்த்தால் இதற்கெல்லாம் என்ன மதிப்பு? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: கொடுத்துவிடாதீர்கள் அம்மா. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, காரீயம் வேறு. நாம் இரண்டையும் ஈயம் என்றே சொல்வதால் வந்த வினை இது. 2024-ல் உலகச் சந்தையில் வெள்ளீயம் டன் 30,000 அமெரிக்க டாலரைச் சுற்றி இருந்தது. காரீயம் 2,000 சொச்சம்தான். அந்த விலைக்குப் போட்டால் சுமார் பதினைந்தில் ஒரு பங்குதான் தேறும்.

சொம்பின் விளிம்பை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் போலக் கறுப்பாகக் கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கலாம். அப்படியென்றால் அதில் ரசம் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கோடு விழாவிட்டாலும் ஒரு பத்தரிடம் காட்டுவது நல்லது.

சரி, தங்கத்துக்கு வருவோம். பினாங்கு ஸ்ட்ரீட் நகைக்கடை ஒன்றில் முப்பது வருடம் தராசில் நின்றவன் நான். சேர்ந்த புதிதில் ஒருவர் ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம் கொண்டுவந்தார். பள்ளியில் அவுன்ஸ் என்றால் 28 கிராம் என்று படித்திருந்தேன். நாணயமோ 31 காட்டியது. "எடை கூடுகிறது, போலி" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். முதலாளி உள்ளிருந்து வந்து, "தங்கம் வெள்ளிக்கு அவுன்ஸ் 31.1 கிராம். நீ மளிகைக்கடையில் போய் நில்" என்றார். காது இன்னும் சுடுகிறது.

நீங்களும் அளவை முதலில் ஒன்றாக்குங்கள். ஈயமும் செம்பும் டன் கணக்கில் விற்கிறது, தங்கம் அவுன்ஸ் கணக்கில். ஒரு டன்னுக்கு 32,150 அவுன்ஸ். வகுத்தால் வெள்ளீயம் அவுன்ஸ் ஒரு டாலருக்குச் சற்றுக் குறைவு. அதே 2024-ல் வெள்ளி சராசரி 28 டாலர், தங்கம் 2,380-க்கு மேல். 916 தங்கம் (22 காரட்) ஒரு பவுனுக்கு (8 கிராம்) ஈடு வைக்க வெள்ளி 600 கிராமும், வெள்ளீயம் 19 கிலோவும், செம்பு 60 கிலோவும் வேண்டும். காரீயமென்றால் 270 கிலோ, லாரி பிடிக்க வேண்டும்! உங்கள் சொம்பு அரைக் கிலோ இருக்குமா? தங்கத்தில் ஒரு மூக்குத்தித் திருகாணிதான் வரும். பழைய சாமான்காரர் அதையும் குறைத்துத்தான் கேட்பார்.

இந்தக் கணக்கு நிலையாக நிற்காது. வெட்டியெடுத்த தங்கத்தில் பெரும்பகுதி இன்னும் எங்கோ ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வெள்ளீயமோ தொழிற்சாலைக்குப் போகிறது, ஏறக்குறைய பாதி மின்னணுப் பாகங்களைப் பற்றவைக்கும் சோல்டருக்கு. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் சுறுசுறுப்பு குறைந்தால் ஈயத்துக்கும் வலிக்கும். என் அத்தான் டத்தோ கிராமட் சாலை ஈய உருக்காலையில் வேலை பார்த்தவர். 1985 அக்டோபர் 24-ல், வெள்ளீயத்தை வாங்கிவைத்து விலையைத் தாங்கிப் பிடித்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது. லண்டனில் ஈய வணிகமே நின்றுபோய், பிறகு விலை பாதியாகச் சரிந்தது. அடுத்த மாதம் தீபாவளி. அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்த வளையலைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவேயில்லை.

கேள்வி: மாப்பிள்ளைக்குப் பிளாட்டினம் மோதிரம் போடலாமா? தங்கத்தைவிட உசத்தியாமே? (வாசகர், பிறை)

பதில்: 2008-ல் உசத்திதான். அவுன்ஸ் 2,200 டாலரைத் தாண்டியது, தங்கம் அப்போது ஆயிரத்தை ஒட்டித்தான். 2015 முதல் தங்கம் மேலே போய்விட்டது. பிளாட்டினத்துக்கு முக்கிய வாடிக்கையாளர் கார்தான், புகையைச் சுத்தமாக்கப் புகைக்குழாயில் வைக்கிறார்கள். போடுங்கள், பளபளப்பு நன்றாக இருக்கும். ஆனால் நான் பார்த்த அடகுக்கடைகளில் 916 என்றால்தான் தராசைத் துடைத்து வைக்கிறார்கள்.