பரிசுக்கூடை கட்டப் போகிறீர்களா? கேட்டவற்றுக்குப் பதில்கள்

பிறருக்காகப் பரிசுக்கூடை கட்டிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்கள் கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். "ஐம்பது வயதுப் பெண்ணுக்கு என்ன கொடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. ஐம்பது வயது என்பது ஒரு குணம் அல்ல. அவரைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கேள்வி: அம்மாவுக்காக முதல் தடவையாகக் கூடை செய்யப் போகிறேன். அழகான பெரிய கூடை ஒன்று வாங்கிவிட்டேன். அதில் என்னவெல்லாம் வைக்கலாம், அக்கா?

தொப்பியை வாங்கிவிட்டுத் தலையைத் தேடுகிறீர்கள். பெரிய கூடையை முதலில் வாங்கியவர்கள் கடைசியில் காலியிடத்துக்குப் பயந்து கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு நிரப்புவார்கள். கூடை கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். ஒரு வாரம் அம்மாவைக் கவனியுங்கள். எதைப் பற்றி முணுமுணுக்கிறார், எதை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துகிறார், எந்த வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்காருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடியை எப்போதும் தேடிக்கொண்டே இருக்கிறாரா? கழுத்தில் மாட்டும் கண்ணாடிக் கயிறு, பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகம், படுக்கையருகே வைக்க ஒரு சிறிய விளக்கு. பாதிக் கூடை முடிந்தது.

ஒரு நடுப்பொருள், அதைச் சுற்றி நான்கைந்து துணைப்பொருள்கள் போதும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இது ஏன் அம்மாவுக்கு?" என்று கேளுங்கள். "எல்லோருக்கும் பிடிக்குமே" என்பதுதான் பதில் என்றால் அதைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். அப்புறம் அந்தப் பெரிய கூடையை வீட்டில் வேறு எதற்காவது வைத்துக்கொண்டு, சின்னதாக ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: என் அப்பா எதைக் கேட்டாலும் "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்கிறார். அவருக்கு என்ன வைப்பது?

கேட்டால் அப்படித்தான் சொல்வார். கேட்காமல் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். முனை மழுங்கிய திருப்புளி, மூடி தொலைந்த பேனா, கடைசிப் பக்கம்வரை எழுதிய குறிப்பேடு எல்லாம் கிடைக்கும். அதே பேனா, அதே நிற மை, அதே அளவுக் குறிப்பேடு வாங்குங்கள். "இதைவிட நல்லது" என்று உங்களுக்குத் தோன்றும் வேறொன்றை வாங்காதீர்கள். என் அப்பாவுக்கு ஒருமுறை விலையுயர்ந்த சவரப் பெட்டி ஒன்று கொடுத்தேன். பதினொரு ஆண்டுகள் கழித்து, உறைகூடப் பிரிக்காமல், "யாருக்காவது கொடு" என்று என்னிடமே நீட்டினார். தீர்ந்துபோகும் பொருள்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

கேள்வி: நான் கட்டும் கூடையில் பொருள்கள் உள்ளே அமிழ்ந்துவிடுகின்றன. தூக்கினால் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிகிறது. கடையில் கட்டியதுபோல் வர என்ன செய்ய வேண்டும்?

அடித்தளம் போடாததுதான் காரணம். நறுக்கிய வண்ணத்தாளை மட்டும் கொட்டி அதன்மேல் பொருளை வைத்தால் பாரம் தாங்காது. முதலில் பழைய செய்தித்தாளை இறுக்கமாகக் கசக்கிக் கூடையின் பாதி உயரம்வரை அடையுங்கள். அதன்மேல் கூடையின் அளவுக்கு வெட்டிய ஒரு கெட்டி அட்டை. வண்ணத்தாள் அட்டைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும்.

கனமானது நடுவில், அடியில். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். புட்டி இருந்தால் அதன் கழுத்தை மெல்லிய நாடாவால் கைப்பிடியோடு கட்டிவிடுங்கள். சிறிய டப்பாக்களின் அடியில் இருபக்க ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டினால் நகராது. உயரம் போதாத பொருளுக்குக் கீழே ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். யாருக்கும் தெரியாது, நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

கூடையைச் சுற்றிக் கட்டும் செலோபேன் என்ற கண்ணாடித்தாள் போதாமல் போவது எல்லோருக்கும் நடப்பது. கணக்கு எளிது: கூடையின் அகலம், அதோடு உயரத்தின் இரு மடங்கு, முடிச்சுக்கு மேலே விரிந்து நிற்க 30 செ.மீ. கூடை 30 செ.மீ. அகலமும் பொருள்களோடு சேர்த்து 40 செ.மீ. உயரமும் இருந்தால் 140 செ.மீ. சதுரத் தாள் வேண்டும். சூடு பட்டுச் சுருங்கும் தாளை ஹேர் டிரையரால் இறுக்குகிறவர்கள் சாக்லேட் இருக்கும் பக்கம் காற்றைக் காட்டாதீர்கள். சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் நம் உடல் சூட்டுக்கும் சற்றுக் குறைவிலேயே, ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில், உருகிவிடும்.

கேள்வி: வாசனை மெழுகுவர்த்தி, சோப்பு, தேயிலை, சாக்லேட் எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைக்கலாமா?

வைத்தால் மூன்றாம் நாள் சோப்பு வாசனையோடு தேநீர் குடிக்க வேண்டியிருக்கும். தேயிலையும் கொழுப்புள்ள சாக்லேட்டும் பக்கத்து வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். செலோபேனில் மூடிவிட்டால் வாசனை வெளியேற வழியும் இல்லை. சாப்பிடுவதற்கு ஒரு கூடை, குளியலறைக்கு ஒரு கூடை என்று பிரித்துவிடுங்கள்.

கேள்வி: அத்தைக்குச் சர்க்கரை நோய். 'சர்க்கரை இல்லாதது' என்று அச்சிட்ட இனிப்புகளும் உலர்பழங்களும் வைத்தால் சரியாக இருக்குமா?

இரண்டிலும் எனக்குத் தயக்கம். 'சர்க்கரை இல்லாதது' என்றால் மாவுச்சத்து இல்லை என்று பொருள் அல்ல. அவற்றில் சேர்க்கும் மால்டிடால் போன்ற மாற்று இனிப்புகள் இரத்தச் சர்க்கரையை ஓரளவு உயர்த்தும். அதிகம் சாப்பிட்டால் வயிற்றையும் கலக்கும். உலர்பழத்தில் நீர் போய்ச் சர்க்கரை செறிந்துவிடுகிறது. 100 கிராம் திராட்சையில் சுமார் 16 கிராம் சர்க்கரை என்றால், அதே எடை உலர்திராட்சையில் 60 கிராம் அளவுக்கு இருக்கும். உப்புச் சேர்க்காத கொட்டை வகைகள் பரவாயில்லை. ஆனால் அத்தை நோயால் மட்டும் ஆனவரா? அவர் தோட்டம் போடுகிறாரா, பின்னுகிறாரா, பழைய பாட்டுக் கேட்கிறாரா? அங்கிருந்து தொடங்கினால் இந்தக் கேள்வியே வராது.

கேள்வி: தோழி புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறாள். பூவும் பழமுமாக ஒரு கூடை கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பொறுங்கள். சிகிச்சையின்போது வெள்ளணுக்கள் குறையும். தொற்றுக்குப் பயந்து சில இடங்களில் பூக்களையும் சமைக்காத உணவையும் அனுமதிப்பதில்லை. கூட இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். வாசனை உள்ள எதுவும் வேண்டாம். நேற்றுவரை பிடித்திருந்த மணமே இன்று குமட்டலாம். மூலிகை மாத்திரை, சத்துப்பொடி எதுவும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. தலைக்கு மென்மையான பருத்தித் தொப்பி, காலுறை, மணமில்லாத கைக்களிம்பு, உதட்டுத் தைலம், வாய்ப்புண் இருந்தால் உறுத்தாத மிக மென்மையான பல்தூரிகை. இவை வைக்கலாம். 'போராடி வெற்றி பெறு' என்று அச்சிட்ட அட்டையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். களைத்துப்போனவளுக்கு அது இன்னொரு வேலை. 'புதன்கிழமை நான் வந்து துணி மடித்துத் தருகிறேன்' என்று எழுதி, சொன்னபடி போங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்த வீட்டுக்குத் தேன் வைக்கலாமா?

பெரியவர்களுக்கென்று குறித்து வைக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பொட்டுலிசம் என்ற கடும் நோயைத் தரலாம். குழந்தைக்கு எல்லோரும் சட்டை கொண்டுவருவார்கள். தாய்க்கு ஒரு கையால் சாப்பிடக்கூடியதாக ஏதாவது வையுங்கள். இன்னொரு கை காலியாக இருக்காது.

கேள்வி: வளர்ப்புப் பிராணி உள்ள வீடு என்றால்?

நாய்க்குச் சாக்லேட், உலர்திராட்சை, சைலிட்டால் என்ற மாற்று இனிப்புக் கலந்த மிட்டாய் மூன்றும் நஞ்சு. பூனை இருந்தால் லில்லி மலர் வேண்டாம். அதன் மகரந்தம்கூடச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: விலைச்சீட்டைப் பிய்க்க வேண்டுமா?

ஆம். காலாவதித் தேதியை மட்டும் விட்டுவையுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்குக் கூடை தயார். அட்டையில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. எனக்கு எழுத வராது, கையெழுத்தும் மோசம்.

பெரிய அட்டையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பொருளிலும் நூலில் ஒரு சிறிய சீட்டுக் கட்டி, அது ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். குடை என்றால், 'அன்று பஸ் நிறுத்தத்தில் நனைந்ததற்கு'. அவ்வளவு போதும். தட்டச்சு மட்டும் செய்யாதீர்கள். பத்து ஆண்டுகளாக உங்கள் கிறுக்கலைப் படித்துப் பழகியவர்தானே.