கிராம சபையில் பத்து நிமிடம்: டெங்கு பற்றி எப்படிப் பேசினால் மக்கள் கேட்பார்கள்?

கேள்வி: ஐயா, வணக்கம். சுகாதார ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் டெங்கு பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கையில் இருந்த குறிப்பை முழுக்க வாசித்தேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் குறிப்பை இந்த முறை மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள். அதில் இருப்பதெல்லாம் சரிதான். ஆனால் அது நீங்கள் படித்துத் தெரிந்துகொள்வதற்காக எழுதியது. வைரஸில் நான்கு வகை, அறிகுறிகள், பரிசோதனை, சிகிச்சை என்று எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் கொட்டினால், கேட்டவருக்கு வீடு போய்ச் சேரும்போது ஒன்றும் நினைவில் இருக்காது.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற ஓர் அம்மா அன்று சாயங்காலம் என்ன செய்ய வேண்டும்? இதற்கான பதிலை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "வாரத்துக்கு ஒரு நாள் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் காலி செய்து, உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்." நீங்கள் பேசப்போகும் மற்ற எல்லாமே இந்த வரிக்கான காரணம்தான்.

ஏன் தேய்க்க வேண்டும்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்த நிலையில் பல மாதம்கூடத் தாங்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஏன் வாரம் ஒரு முறை? முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதற்குள் கழுவிவிட்டால் கொசு பிறக்காது. அப்புறம் இதையும் சொல்லுங்கள்: இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். 'நம்மைக் கடிக்கும் கொசு நம் தெருவில் பிறந்தது' என்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இதைப் படம் போட்டுக் காட்டுவதைவிட நேரில் காட்டுவது நல்லது. முந்தைய நாள் கொசு ஒழிப்புப் பணியாளர்களோடு போகும்போது, அதே ஊரில் எடுத்த கொசுப்புழுக்களை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, இறுக மூடி எடுத்து வாருங்கள். எந்த வீட்டில் எடுத்தது என்று மட்டும் சொல்ல வேண்டாம். பாட்டிலை முன்வரிசையில் கொடுத்து ஒரு சுற்று வரவிடுங்கள், அதுவரை மைக்கில் பேசாமல் இருங்கள். புழு நெளிவதைப் பார்த்த பிறகு வரும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். கூட்டம் முடிந்ததும் மறக்காமல் அதைக் காய்ந்த தரையில் வெயிலில் கொட்டிவிடுங்கள்.

புதிதாகப் பேசுகிறவர்கள் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை" என்று ஆரம்பிப்பார்கள். நானும் என் முதல் வருடங்களில் அப்படித்தான் பேசினேன். ஒரு கூட்டத்தில் ஒரு பெரியம்மா எழுந்து, "நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி விட்டா, பிடிச்சு வைக்காம என்ன சாமி செய்யறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது முழு உண்மை. தவிர, ஏடிஸ் பெருகுவது சாக்கடையில் அல்ல, நாம் குடிக்கப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில். அதனால் சுத்தத்தைப் பற்றிப் பேசினால், வாசல் கூட்டிக் கோலம் போடுகிற குடும்பம் இது நமக்கில்லை என்று நினைத்துக்கொள்ளும். "தண்ணீர் தினமும் வராததால் சேர்த்து வைக்கிறோம். சேர்த்து வைக்கிற தண்ணீரில் கொசு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?" என்று தொடங்குங்கள். அவர்கள் கஷ்டம் உங்களுக்குத் தெரியும் என்பது முதல் வரியிலேயே புரிந்துவிடும்.

வீட்டில் இருக்கும் பொருள்களைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, புழங்காத ஆட்டுக்கல், மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை. 'தேவையற்ற கொள்கலன்கள்' என்றால் யாருக்கும் எதுவும் கண்ணில் வராது.

திறந்தவெளியில் குழாய் ஸ்பீக்கர் எதிரொலிக்கும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மூச்சு விடுங்கள். வீட்டில் யாரையாவது உட்கார வைத்து, செல்போனில் நேரம் பார்த்து இரண்டு முறை வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். ஏழு நிமிடத்தில் முடிகிற மாதிரி தயார் செய்தால் கூட்டத்தில் பத்து நிமிடம் ஆகும். வரவு செலவு வாசிக்கும் முன்பே உங்களைப் பேச அழைக்கும்படி தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். நேரம் ஆக ஆகக் கூட்டம் கலைந்துவிடும்.

நோயைப் பற்றி ஒன்றே ஒன்று கடைசியில் சொல்லுங்கள். டெங்குவில் காய்ச்சல் குறையும் நாள்களில்தான் ஆபத்து கூடலாம். அப்போது கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, அளவு மீறிய சோர்வு எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது உயிர் காக்கும் விஷயம், அதனால் இரண்டு முறை சொல்லுங்கள்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சமாளிக்க வேண்டாம். பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டு, மருத்துவ அலுவலரிடம் கேட்டு, அந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். போகும்போது தொட்டிக்குள் கையை விட்டு உள்சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழப்பு இல்லாமல் இருந்தால் நீங்கள் பேசியது அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.