ஓடியது 200, கூலி 120-க்குத்தான்!

கேள்வி: செயலி வழியாக டாக்சி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறேன். தினமும் நல்ல வசூல்தான். மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. எங்கே ஓட்டை?

பதில்: பெரும்பாலும் காலி ஓட்டத்தில்தான். கிளம்பும்போதும் வீடு திரும்பியதும் ஓடோமீட்டரைக் குறித்துவையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 200 கி.மீ., ஆள் ஏற்றி ஓடிய சவாரிக் கணக்கு 120 கி.மீ. என்றால், மீதி 80-க்கான எரிபொருள் உங்கள் பையிலிருந்து போகிறது. வரவை 200-ஆல் வகுத்தால்தான் உண்மை தெரியும். ஆளை இறக்கியதும் அடுத்த அழைப்பைத் தேடிச் சுற்றாமல் ஓரமாக நிறுத்துங்கள். 5 கி.மீ. போய் ஏற்றி 3 கி.மீ.-இல் இறக்கும் சவாரி எதற்கு?

அடுத்தது தேய்மானம். டயர் விலையை அது உழைத்த கி.மீ.-ஆல் வகுத்து, அன்றன்று ஓடிய தூரத்துக்கான பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். பிரேக், ஆயிலுக்கும் அப்படியே. டயர் காற்றை வண்டி சூடாகும் முன் பாருங்கள். காற்று குறைந்தால் எரிபொருளும் கூடும், டயரின் இரு ஓரங்களும் தேயும்.