வாசகர் கேள்வி–பதில்: ஹாட் ராட் கட்ட எந்தக் கார் வாங்கலாம்?

கேள்வி: 1950-களின் கலிஃபோர்னியா பாணியில் ஒரு ஹாட் ராட் (பழைய காரில் பலமான இன்ஜின் போட்டு வேகத்துக்காக மாற்றியது) கட்ட ஆசை. 1930 ஃபோர்டு மாடல் ஏ டியூடர் (இரண்டு கதவு செடான்) ஒன்றும் 1934 ஷெவர்லே செடான் ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. ஷெவர்லே பாதி விலைதான். எதை எடுக்கலாம்?
– வாசகர், சான் ஹோசே

பதில்: ஃபோர்டை எடுங்கள். ஷெவர்லேயின் கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். கீலோடு சேர்ந்து தூணும் ஆடினால், விலை ஏன் பாதி என்று புரிந்துவிடும். அந்தக் காலத்து ஷெவர்லே பாடி என்பது மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்தது. கதவுத் தூண், கூரை, அடிச்சட்டம் எல்லாம் மரம். அது உளுத்திருந்தால் டிங்கரிங்குக்கு முன் தச்சு வேலையை முடித்தாக வேண்டும். மிச்சம் பிடித்த காசு அங்கேயே கரைந்துவிடும். டியூடரிலும் மரம் உண்டு, ஆனால் பெரும்பாலும் கூரைப் பக்கம்தான். ஃபோர்டு செடான்களுக்கு முழு இரும்புக் கூரை வந்ததே 1937-ல். அதுவரை கூரையின் நடுவில் துணி.

போகும்போது மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். கவுலின் (முன் கண்ணாடிக்குக் கீழே, கதவுக்கு முன்னால் உள்ள தகடு) கீழ் முனை, கதவுகளின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு ஆகிய இடங்களில் வைத்து நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே பட்டி. பிறகு காருக்கு அடியில் படுத்து, பாடியின் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டமான சப்-ரெயிலைப் பாருங்கள். அது துருவேறித் தொய்ந்திருந்தால் கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருக்கும். தகடுகளுக்குக் கவலை வேண்டாம். மாடல் ஏ 48 லட்சத்துக்கும் மேல் விற்ற கார், பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

பாடியைத் தாங்கும் சேஸை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் எங்கோ வளைந்திருக்கிறது. மாடல் ஏ சேஸ் மெல்லிய, ஒரு பக்கம் திறந்த ‘சி’ வடிவச் சட்டம். 40 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது போதும், எட்டு சிலிண்டர் வி8-க்குப் போதாது. திறந்த பக்கத்தை 3 மி.மீ. பிளேட் வைத்து மூட வேண்டும். ஒரே மூச்சில் நீளமாக வெல்ட் இழுத்தால் சூட்டில் சட்டம் வாழைப்பழம் போல வளையும். இரண்டு அங்குலம் இங்கே, இரண்டு அங்குலம் எதிர்முனையில் என்று மாற்றி மாற்றி வைத்து, இடையில் ஆறவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம். மாடல் ஏ-வின் எண் இன்ஜினில் இருக்கும். சேஸின் இடதுபக்கச் சட்டத்தின் மேலும் அடித்திருக்கும், ஆனால் பாடி அதை மறைத்துக்கொண்டிருக்கும். இத்தனை வருடத்தில் இன்ஜின் மாறியிருக்கலாம். காகிதத்திலுள்ள எண் எதோடும் பொருந்தாவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: அதே வேலைக்கு 1932 ஃபோர்டு என்றால் விலை மலையேறுகிறதே, ஏன்?
– வாசகர், டாலஸ்

பதில்: ஃபோர்டு வி8 முதலில் வந்த வருடம் அது. மட்கார்டைக் கழற்றினாலும் சேஸின் பக்கவாட்டு வளைவு அழகாக வெளியே தெரியும், அந்தச் சேஸ் அந்த ஒரு வருடத்தோடு சரி. பட்ஜெட் இடித்தால் மாடல் ஏ-வில் ’32 கிரில் ஷெல்லை (ரேடியேட்டரைச் சுற்றிய முன்பக்கக் கூடு) மாட்டுங்கள். அந்தக் காலத்துப் பையன்களும் அதைத்தான் செய்தார்கள்.

கேள்வி: பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் இன்ஜின்) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைச் சோதிப்பது?
– வாசகர், சான் டியேகோ

பதில்: விரிசலை. பிஸ்டனுக்கோ வால்வுக்கோ காசு போடுவதற்கு முன் பிளாக்கைக் கழுவி, காந்தத்தூள் சோதனையும் பிரஷர் டெஸ்டும் செய்யுங்கள். ஹெட்டை இறுக்கும் ஸ்டட் துளையிலிருந்து தண்ணீர்த் துளைக்கு ஓடும் சின்ன விரிசல் சகஜம், சமாளிக்கலாம். வால்வு சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கினால் அந்த பிளாக் வேண்டாம். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் பிளாக்குக்குள்ளேயே புகுந்து வெளியேறுவதால் எப்போதும் சூடு அதிகம். போதாததற்கு, வார்ப்பின்போது தங்கிய மணல் தண்ணீர்ப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பியால் குத்திக் குத்தி எடுங்கள், ஒரு டப்பா நிறைய வந்தாலும் ஆச்சரியமில்லை. ரேடியேட்டரை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

வி8 போட்டால் மாடல் ஏ-வின் கம்பி இழுக்கும் பிரேக்கை மறந்துவிடுங்கள். 1940–48 ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக் தேடுங்கள். ஹைட்ராலிக் 1939-லேயே வந்துவிட்டது; ஆனால் அந்த வருட டிரம்மில் வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டம் 10.25 அங்குலம், 1940-ல்தான் 5.5 அங்குலமானது. தெரியாமல் வாங்கினால் வீல் மாட்டாது.

கேள்வி: நம்மூர் அம்பாசடரை ஹாட் ராட் ஆக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: அம்பாசடருக்குத் தனிச் சேஸ் கிடையாது, பாடியே சேஸ். முன் மட்கார்டையும் உள்தகட்டையும் வெட்டினால் முன்பக்கத்தின் பலமே போய்விடும். சட்டமும் இடம் தராது: தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கான 2021 விதியில் ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் வரும் விண்டேஜ் பதிவு எண் வாங்க 20,000 ரூபாய் கட்டணம். அதற்கும் சேஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. நல்ல பெயின்ட், சுத்தமான குரோம் பம்பர் என்று ஒரிஜினலாகவே வைத்திருங்கள்.