ஆடிக்கு முன்னாடியா, தபசு முடிஞ்ச பெறவா?

அன்புள்ள அண்ணாச்சி,

நான் சங்கரன்கோவில். பி.காம் முடிச்சிட்டு மூணு வருஷமா இங்கன ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதிட்டு இருக்கேன், சம்பளம் 14,000. இந்த வருஷம் சென்னையில எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கு சீட் கிடைச்சிருக்கு. ஆகஸ்ட் 5ஆம் தேதி கிளாஸ். ஹாஸ்டல் கிடைக்கல, அதனால என்கூட சீட் கிடைச்ச ராஜபாளையத்துப் பிள்ளையும் நானும் சேர்ந்து குரோம்பேட்டையில ஒரு சின்ன வீடு பேசி வச்சிருக்கோம். போட்டோவுல பார்த்ததுதான். வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000 கேக்காவ, ஜூலை 1ல இருந்தே வாடகை ஓடும்னு சொல்லிட்டாவ.

எப்போ போறதுங்கிறதுதான் இப்போ வீட்டுல சண்டை. ஆடியில வீடு மாறக்கூடாது, போறதுனா ஆனிக்குள்ள போ, இல்லன்னா ஆவணி பொறக்கட்டும்னு அம்மா சொல்லுதாவ, ஆனா ஆவணி பொறக்க ஆகஸ்ட் 17 ஆயிரும். அப்பா, ஜூலை பூரா வேலை பாரு, முழுச் சம்பளத்தை வாங்கு, மாசக் கடைசியில நம்மூர்க் கோயில்ல வார ஆடித்தபசுத் திருவிழாவையும் பார்த்துட்டு கிளாஸுக்கு முந்தின நாள் ரயில் ஏறுங்காவ. எனக்கு நாளைக்கே போயிரணும்போல இருக்கு, ஒரு மாசம் அங்க இருந்து பழகிட்டா பயம் போயிரும்னு நினைக்கேன். நீங்க அந்தக் காலத்துல ஊர்ல இருந்து சென்னைக்குப் படிக்கப் போனவுக, அதான் கேக்கேன். பேர் போட வேண்டாம் அண்ணாச்சி.

*

அன்புள்ள தங்கச்சி,

உன் லெட்டரை ரெண்டு தடவை வாசிச்சேன், சுத்தி வளைக்காம சொல்லிருதேன், ஜூலை 22 வாக்குல போ. கிளாஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. முந்தின நாள் போறதும் தப்பு, ஒரு மாசம் முன்னாடியே போய் உக்காருறதும் தப்பு, ரெண்டையும் நான் கண்ணால பார்த்திருக்கேன்.

நான் அம்பாசமுத்திரத்துல இருந்து எம்.ஏ. படிக்கப் போனது 1994ல. எங்க வீட்டுலயும் உங்க அப்பா கணக்குதான், ஒரு நாள் முன்னாடி போனா ஒரு நாள் சோத்துச் செலவு, அதனால திங்கக்கிழமை காலேஜ்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷன்ல நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விட்டாவ. அப்போ மீட்டர் கேஜ், ராத்திரி பூரா குலுக்கின குலுக்கல்ல பொட்டுத் தூக்கம் இல்ல, காலையில எழும்பூர்ல டிரங்குப் பெட்டியோட எறங்கி பெட்டியை கிளோக் ரூம்ல போட்டுட்டு நேரா காலேஜுக்குப் போனா ஹாஸ்டல் ரூம் வியாழக்கிழமைதான் கிடைக்கும்னுட்டாவ. மூணு ராத்திரி திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒண்ணுல ஊர்க்காரர் ரூம்ல அஞ்சாவது ஆளா பாய் விரிச்சுப் படுத்தேன். பிறந்ததுல இருந்து தாமிரபரணித் தண்ணி குடிச்ச உடம்பு, அங்க உள்ள தண்ணி ஒத்துக்கல, நாலாம் நாள் காய்ச்சல் வந்து படுத்தவன் ஒரு வாரம் எந்திரிக்கல.

திரும்ப கிளாஸுக்குப் போறப்போ யாரு யாருகூடங்கிறதெல்லாம் முடிவாகி இருந்தது. வாத்தியார் முதல் வாரம் சொன்ன புத்தகப் பட்டியல் ரெண்டாவது மாசம்தான் என் கைக்கு வந்துச்சு. அதைவிடப் பெருசு என்னன்னா, கிளாஸுல உக்காந்திருக்கும்போது மண்டைக்குள்ள ஓடுறது பூரா மத்தியானம் எங்க சாப்பிடுறது, துவைச்ச சட்டை காஞ்சிருக்குமா, கையில இருக்க பணம் எத்தனை நாளைக்கு வரும்ங்கிறதுதான். எனக்குப் படிப்பே வரலன்னு நம்பிட்டேன், ஊருக்குத் திரும்பிரலாம்னு லெட்டர் கூட எழுதி வச்சிருந்தேன். பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, ஊர் மாறுறது ஒரு வேலை, படிக்கத் தொடங்குறது இன்னொரு வேலை, ரெண்டும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா ரெண்டுமே உருப்படியா நடக்காது. முதல் வேலை முக்கால்வாசி முடிஞ்ச பெறவுதான் ரெண்டாவது தொடங்கணும்.

சரி, அப்போ ஒரு மாசம் முன்னாடியே போனா என்னன்னு கேப்ப. என் சித்தி மவ ஒருத்தி அப்படிப் போனா. காலேஜ் திறக்க ஒன்றரை மாசம் இருக்கும்போதே, உன்னை மாதிரிதான், பழகிட்டா பயம் போயிரும்னு. அங்க பேச ஆள் கிடையாது, போக இடம் கிடையாது, காலையில எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் சுவரைப் பார்த்துட்டு இருக்கணும், கையில உள்ள காசு கரையுது, பயம் கூடத்தான் செஞ்சுது. மூணாவது வாரம் ஊருக்கு வந்துட்டா. திரும்பவும் போகணும்னு வந்தப்போ ரயிலடியில அவ அழுத அழுகையை நான் பார்த்தேன். வேலை ஒண்ணும் இல்லாம புது ஊர்ல இருக்கிறது ரொம்பக் கொடுமை தங்கச்சி. பத்துப் பதிமூணு நாள்னா செய்யறதுக்கு வேலை இருக்கும், சாமான் வாங்கணும், வழி பழகணும், அதுக்குள்ள கிளாஸ் வந்துரும். நாளைக்கே போயிரணும்னு இருக்கிறது எனக்குப் புரியுது, இங்க காத்துக்கிட்டு இருக்கிறதே பெரிய பாடுதான், ஆனா கடையில ஆளுங்களோட இருந்துகிட்டுக் காத்திருக்கிறது மேல்.

இனி அப்பா கணக்கு. ஜூலை 20 வரைக்கும் வேலை பாரு. இருபது நாள் சம்பளம்னா 9,000 சொச்சம் வரும், ஆக உனக்குப் போறது 5,000 ரூபாய்க்குள்ளதான். அதோட ஜூலை வாடகை எப்படியும் ஓடுது இல்லையா, ரெண்டு பேரும் சேர்ந்து 9,000 கொடுத்துட்டு வீட்டைப் பூட்டி வைக்கிறதுல என்ன லாபம்னு அப்பாகிட்ட பொறுமையா கேளு. கணக்கு எழுதுற பிள்ளை நீ, ஒரு தாள்ல எழுதிக் காட்டு, ஏத்துக்கிடுவாவ. கடை முதலாளிகிட்ட இப்பவே சொல்லிரு, ஆடித் தள்ளுபடி நேரத்துல திடீர்னு நின்னா அவருக்கும் கஷ்டம், மூணு வருஷம் சோறு போட்ட இடம்.

அம்மா விஷயம்தான் முக்கியம். ஆடியில குடி போகக்கூடாதுங்கிறதை நம்ம பக்கத்துல யாரும் லேசா எடுத்துக்கிட மாட்டாவ, நீயும் அதை வச்சு அவங்ககூட வாதாடாதே. முதல் தடவையா மகளை இத்தனை தூரம் அனுப்புற ஒரு தாய்க்கு மனசுல உள்ள பயமெல்லாம் ஆடிங்கிற ஒரு சொல்லுல வந்து நிக்குது, அவ்வளவுதான். அதுக்கு நம்மாளுக காலகாலமா செய்யற வழி ஒண்ணு இருக்கே. ஆனி முடியறதுக்குள்ள, அதாவது ஜூலை 16க்குள்ள, நல்ல நாள் ஒண்ணை அம்மாவையே பார்க்கச் சொல்லி நீயும் அம்மாவும் ஒரு ராத்திரி ரயில்ல போய் அந்த வீட்டுல பால் காய்ச்சிட்டு வந்துருங்க. அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், ஒரு விளக்கு, கோமதி அம்மன் படம், இவ்வளவையும் அங்கேயே வச்சிட்டு வந்தா குடி போனதா அர்த்தம். ஆடியில நீ போறது அதுக்கப்புறம் உன் வீட்டுக்கு நீ போறது, வீடு மாறுறதுல சேராது. அம்மாவே இதைச் சொல்லுவாவ பாரு.

இதுல இன்னொரு நல்லதும் இருக்கு. போட்டோவுல பார்த்த வீட்டுக்கு 50,000 கொடுக்காதீங்க. குழாய்ல தண்ணி எத்தனை மணிக்கு வருது, குளிக்கிற ரூம் தாழ்ப்பாள் சரியா இருக்கா, பக்கத்து வீட்டுல யாரு இருக்காவ, இதெல்லாம் அம்மா ஒரு மணி நேரத்துல பார்த்துருவாவ. தரைத்தளம்னா மழைக்குத் தண்ணி ஏறுமான்னு அந்தத் தெருவுல ரெண்டு வீட்டுல கேக்கணும், ஏன்னா சென்னைக்குப் பெரிய மழை அக்டோபர்ல இருந்துதான், ஜூலையில பார்க்கும்போது எல்லாத் தெருவும் காஞ்சு நல்லாத்தான் தெரியும். அட்வான்ஸ் பத்தியும் தெரிஞ்சுக்கோ. தமிழ்நாட்டுல 2019ல இருந்து நடப்புல இருக்க வாடகைச் சட்டப்படி, தனியா வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா ஒழிய, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது. உங்க வாடகைக்கு அது 27,000. மரியாதையாக் கேட்டுப் பாருங்க, குறைச்சா நல்லது. குறைக்காட்டியும் கொடுத்த தொகை எழுத்துல இருக்கணும், திருப்பித் தரும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பாவங்கிறதும் அதே தாள்ல இருக்கணும்.

தபசு. இதைப் பத்தி எழுத எனக்கே மனசு வரல. சங்கரன்கோவில் பிள்ளைகிட்ட தபசுக்கு இருக்காதேன்னு சொல்றது லேசான காரியமா? ஒத்தக் கால்ல நின்ன அம்மனுக்கு சங்கரநாராயணரா சாமி காட்சி கொடுக்கிற அந்த நேரத்துல, பருத்தியும் வத்தலும் தானியமுமா தெரு பூரா சூறை விடுற அந்த சத்தத்துல, நான் சின்னப் பையனா எங்க அத்தான் தோள்ல இருந்து பார்த்திருக்கேன். ஆனாலும் சொல்லுதேன், இந்த ஒரு வருஷம் வேண்டாம். 22ஆம் தேதி போயிட்டு தபசுக்கு ஓடி வரலாம்னும் நினைக்காதே, நட்ட நாத்தை அஞ்சாம் நாள் பிடுங்கிப் பார்க்கிற மாதிரி அது. அதுக்குப் பதிலா கொடியேத்தம் முடிஞ்சதும் ரெண்டு நாள் ஊர்ல இருக்கேல்லா, அப்போ கோயிலைச் சுத்தி வார ஆடிச்சுத்தைச் சுத்திரு, 108 சுத்தையும் முடிச்சிட்டுப் போ. அம்மாவும் கூட சுத்துவாவ. கோயில் பிரசாதமான புத்து மண் ஒரு பொட்டலம் கட்டாயம் உன் பையில வந்துரும், அதை நான் சொல்ல வேண்டியதில்ல.

போன பெறவு அந்த ரெண்டு வாரம் என்ன செய்யணும்னு கேட்டா, முதல் ரெண்டு நாள் சாமான் வாங்கிப் போட்டு நல்லாத் தூங்கு. குத்தாலத்துச் சாரல் காத்து வீசுற நேரத்துல கிளம்பி அந்தப் புழுக்கத்துல போய் எறங்குற, உடம்புக்கு நாள் கொடு, தண்ணியைக் காய்ச்சிக் குடி. பெறவு கிளாஸுக்குப் போற அதே நேரத்துல, காலைக் கூட்டத்துல, குரோம்பேட்டையில இருந்து மின்சார ரயில் ஏறி காலேஜ் வாசல் வரைக்கும் போயிட்டு வா, ஒரு தடவை இல்ல, நாலு தடவை. மாணவருக்குச் சலுகையில சீசன் டிக்கெட் உண்டு, ஆனா காலேஜ்ல கையெழுத்து வாங்கின பெறவுதான் கிடைக்கும், அதுவரைக்கும் டிக்கெட் காசை ஒதுக்கி வை. 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பொம்பளைப் பிள்ளைகளுக்கு இலவசம், நம்மூர் மாதிரியே அங்கேயும், எந்த பஸ் அதுன்னு கண்ணு பழகணும்.

உன் படிப்புக்கு இது ரொம்ப வேணும், ஏன்னா எம்.எஸ்.டபிள்யூன்னா வாரத்துல பெரும்பாலும் ரெண்டு நாள் களப்பணி, ஆஸ்பத்திரி, குடிசைப் பகுதி, காப்பகம்னு எங்க வேணாலும் போடுவாவ. வட சென்னையில ஒரு மூலைக்குப் போன்னு சொல்லும்போது கடற்கரை ஸ்டேஷன் எங்க, சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி வண்டி எங்க நிக்கும், வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கு எங்க மாறணும்னு தெரியாம நின்னா, அங்க உள்ள ஜனங்களோட கஷ்டத்தைக் கேக்க உனக்கு எங்க மனசு இருக்கும்? மிச்ச நாள்ல ஒரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல போய் சும்மா உக்காந்துட்டு வா, காசு இல்லாம ஒரு நாள் முழுக்க நிம்மதியா இருக்க அந்த ஊர்ல கிடைக்கிற நல்ல இடம் அது.

பேப்பர் வேலை எல்லாத்தையும் இங்கேயே முடி. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ரெண்டையும் இ-சேவையில இப்பவே போட்டுரு, ஸ்காலர்ஷிப்புக்கு வேணும். நீ டிகிரி முடிச்சது மனோன்மணீயம் சுந்தரனார் யுனிவர்சிட்டின்னா, வேற யுனிவர்சிட்டிக்கு மாறுறதுக்கு மைக்ரேஷன் சர்டிபிகேட் கேப்பாவளான்னு காலேஜ்ல கேட்டுக்கோ, கேட்டா இப்பவே ஒரு நாள் லீவு போட்டு அந்த யுனிவர்சிட்டி இருக்க அபிஷேகப்பட்டிக்குப் போயிட்டு வந்துரு. அங்க போன பெறவு இதுக்காக ஊருக்கு வாரதுன்னா ரெண்டு ராத்திரி ரயில்லயே போயிரும்.

டிக்கெட் இன்னைக்கே பாரு. ரிசர்வேஷன் இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்காவ, முன்ன 120 நாளா இருந்ததை 2024 நவம்பர்ல மாத்திட்டாவ, உன் தேதி ஏற்கனவே திறந்திருக்கும். பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு, அதுல இல்லன்னா சிலம்பு எக்ஸ்பிரஸ், ஆனா அது வாரத்துல மூணு நாள்தான். தீபாவளிக்கு ஊருக்கு வார டிக்கெட்டுக்கும் 60 நாளை எண்ணி காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிரு, காலையில 8 மணிக்குத் திறந்த கொஞ்ச நேரத்துல தீந்துரும்.

அந்த ராஜபாளையத்துப் பிள்ளையையும் அதே நாள் அதே வண்டியில வரச் சொல்லு. நீ சங்கரன்கோவில்ல ஏறினா அடுத்தாப்புல அவ ஊர்தான், உங்க அம்மா அப்பாவை பிளாட்பாரத்துல விட்டுட்டு வந்த அழுகை காயறதுக்குள்ள அவ ஏறிருவா. புளிச்சோறு ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லும்மா.

அன்புடன்,
அண்ணாச்சி